சூரியனும் வாழைக்காய் பஜ்ஜியும்

மலை உச்சி ஆய்வுக்கூடத்தில் சூரியனைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. வாசலில் சுற்றுலாக்காரர்களுக்காக நட்டிருந்த சின்னத் தொலைநோக்கியைக் கண்டாலே அதற்கு ஆகாது.

"நான் சூரியனில் புள்ளி எண்ணுறேன். நீ என்னடா பார்க்கிறே?"

"கீழே இருக்கிற பஜ்ஜிக்கடைதாண்ணே. வர்றவங்க அதைத்தான் தேடுறாங்க."

"மானம் போகுது. இன்னிக்கு உன்னைக் கழற்றப் போறாங்க, தெரியுமில்ல?"

பெரியதுக்கு அப்படியொரு திருப்தி.

சொன்னபடியே இயக்குநர் வேதநாயகம் ஸ்பேனரோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கழற்றுமுன் ஒருதரம் குனிந்து சின்னதில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவேயில்லை.

பெரியதுக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக மனுஷன் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்க்கிறார். தன்னில் ஒருநாளும் கண்ணை வைத்ததில்லை.

"வாழைக்காய் போட ஆரம்பிச்சுட்டான்யா," என்றார் இயக்குநர். "ஸ்பேனரை உள்ளே வை. ஜீப்பை எடு."

ஜீப் வளைவில் மறைந்தது. பிறகு பெரியது மெதுவாகக் கூப்பிட்டது.

"தம்பி, மிளகாய் பஜ்ஜியும் போடுறானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."