காணாமல் போன காவலன்

பார்த்துப் பார்த்துச் சேர்த்த போர்க்காலச் சிப்பாய் பொம்மைகள் கண்ணாடி அலமாரியில் அப்படியே நின்றன. சிறைமுகாம் காவலனை மட்டும் காணவில்லை.

“உங்கப்பாதான் எடுத்திருக்கணும்,” என்று மனைவியிடம் கிசுகிசுத்தான் அவன்.

“எங்கப்பா என்ன திருடனா?”

“நேத்து அலமாரி முன்னாடியே நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டுன்னு கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டார்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“போர் முடியற வரைக்கும் அந்த மாதிரி முகாம்ல கிடந்தவர். அந்த உடுப்பைப் பார்த்தா வயிறு எரியாதா? உடைச்சுப் போட்டிருப்பார். இருங்க, நானே கேக்கறேன்.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளில் ஆதரவாகக் கை வைத்தாள்.

“அந்தப் பொம்மையை எடுத்தீங்களாப்பா? எடுத்திருந்தாலும் பரவாயில்லை. அவனுங்க உங்களைப் படுத்தின பாடு அப்படி.”

அவர் சட்டைப் பையிலிருந்து பொம்மையை வெளியே எடுத்தார். அது உடையாமல் முழுசாக இருந்தது.

“என்னையே பார்த்துக்கிட்டு நின்னுதும்மா. தாங்க முடியலை, எடுத்துட்டேன். என்னை யாரும் படுத்தலை. உங்கம்மாகிட்டயும் பொய்தான் சொன்னேன். அந்த முகாம்ல நான் கைதி இல்லை. இந்த உடுப்பைத்தான் போட்டிருந்தேன்.”

அவர் தோளிலிருந்து மகளின் கை தானாக இறங்கியது.