எழுநூறு பேரை முந்தியவர்

“எழுநூறு பேரை ஒரே மூச்சுல முந்திட்டேன் சார். எப்ப முந்தினேன்னு எனக்கே தெரியலை. குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிட்டு நிமிர்ந்தேன், ரோட்டுல ஈ காக்கா இல்லை. அத்தனை பேரும் எனக்குப் பின்னாடி.”

சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த மாரத்தான் சங்கச் செயலாளர் அவர் கழுத்து மெடலையே பார்த்தார். துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் முதலாவதாக வந்ததிலிருந்து இதே பாட்டு. பால்காரர், பல் டாக்டர், தப்பான நம்பருக்குப் போன் செய்த யாரோ ஒரு புண்ணியவான் என ஒருவரையும் கணவர் விட்டுவைக்கவில்லை. கழுத்து மெடலைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. இத்தனை நாள் சோப்பில் அது அவரைவிடச் சுத்தமாகிவிட்டது.

நூலகத்தில் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்ற மனிதருக்கு அதற்கப்புறம் கால் முளைக்கும் என்று அவள் என்ன கண்டாள்? ‘வேகமான பாதை’ என்று எங்கே விளம்பரம் வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மேடே இல்லாத ஏரிக்கரை, மலையிலிருந்து அப்படியே உருட்டிவிடுகிற இறக்கம், நத்தையை விட்டால் நத்தையே சாதனை படைத்துவிடும் சாலைகள். எல்லாவற்றிலும் இவர்தான் கடைசி. ஒருமுறை இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லைக்கோட்டையே சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரியைத் துரத்திப்போய்த் தொட்டுவிட்டு வந்தார்.

“போன தடவை எதிர்க்காத்துன்னீங்க. இந்தத் தடவை அந்தக் காத்தே தூக்கிட்டுப் போச்சா மாமா?” என்றான் அவள் தம்பி. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருப்பவன். முதல் நாளிலிருந்து இந்தக் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பவனும் அவன்தான். “நீங்க முன்னால ஓடறதைவிட எங்க பஸ் ரிவர்ஸ்ல வேகமாப் போகும்.”

“பொறாமை மாப்ளே உனக்கு.”

“எனக்கென்ன பொறாமை? எழுநூறு பேர்ல ஒருத்தன்கூடவா உங்களைப் பாக்கலை?”

“பாக்கறதுக்குள்ள முந்திட்டேன்.”

செயலாளர் தொண்டையைச் செருமினார். “சார், மெடலைத் திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

காலுறைகள் மனைவியின் கையிலேயே நின்றன.

“முன்னாடி ஓடினவங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. வழிகாட்டிக் காரைப் பாத்து ஓடினாங்க. மத்தவங்க அவங்க முதுகைப் பாத்து ஓடினாங்க. எல்லாரும் நாக்குத் தள்ளி வந்து விழுந்தாங்க. ‘இதாய்யா உங்க வேகமான பாதை’ன்னு என் சட்டையையே பிடிச்சுட்டாங்க. வந்து பாத்தா, நீங்க குளிச்சு முடிச்சுத் தலை சீவிட்டு உக்காந்திருக்கீங்க. குறுக்கு வழின்னுதானே அர்த்தம்? நாளைக்கு ஏமாத்தினவங்க போர்டுல பேரைப் போட்டுடுவோம். இனிமே எந்த ஊர் ஓட்டத்துலயும் சேத்துக்க மாட்டாங்க.”

“அம்புக்குறி போட்ட ரோட்டுலதான் சார் ஓடினேன்.”

“சாட்சி யாரு? தண்ணி குடுக்கிறவங்க பாத்தாங்களா?”

“தம்ளரை அடுக்கி வச்சுட்டுக் கூட்டம் எங்கேன்னு தேடிப் போயிட்டாங்க போல. அவ்வளவு தண்ணியும் நானே குடிச்சேன்.”

தம்பி சிரிக்க வாயெடுத்தான். அக்கா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

“சார், இவர் அளப்பாரு, இல்லைங்கலை” என்றாள் அவள். “ஒண்ணை ஒன்பதாக்குவாரு. அதைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு. ஆனா குறுக்கு வழியில போற ஆள் இல்லை. அத்தனை வருஷம் புத்தகத்துக்கு நடுவுல இருந்தவரு, ஒரு கதையோட கடைசிப் பக்கத்தைக்கூட முதல்ல புரட்டினதில்லை.”

“ஒருத்தர் சொல்றதை நம்பறதா, எழுநூறு பேரை நம்பறதாம்மா?”

கணவர் மெல்ல மெடலைக் கழற்றினார். ரிப்பன் காதில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக்கொண்டே, “லேஸைக் கட்டிட்டு எழுந்தப்ப நான்தான் எங்கேயோ தடம் மாறிட்டேனோ என்னவோ” என்றார். குரலே அவருடையதாக இல்லை.

வாயை மூடுங்கள் வாயை மூடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கெஞ்சியவளுக்கு, அவர் மூடியதும் பொறுக்கவில்லை.

“டேய், இவ்வளவு நாள் வாய் ஓயலையே உனக்கு. இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லேன்டா.”

தம்பி மின்விசிறியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“மெடலை வாங்காதீங்க சார். மாமா சொல்றது நிஜம். எழுநூறு பேரையும் முந்திட்டாரு.”

“நீங்க அங்க இருந்தீங்களா?”

“உங்க டிரைவருக்குக் காய்ச்சல்னு அந்த வழிகாட்டிக் காரை ஓட்டினதே நான்தான் சார். மார்க்கெட் முக்கு வந்ததும் பழக்க தோஷத்துல கை தானா இடதுபக்கம் ஒடிச்சிடுச்சு. என் பழைய ரூட்ல கடைசி வரைக்கும் போய்த் திரும்பி, ஒரு ஸ்டாப் விடாம நிறுத்தி நிறுத்தித்தான் சார் அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தேன்.”