பதினோராவது ஊசி

ஊசிக்குள் மருந்தை ஏற்றிய பிறகுதான் டிரசர் ஜெயபாலன் நோயாளியின் அட்டையைப் பார்த்தான். பார்த்ததும் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டான்.

"இதைப் போட்டா உங்க நெஞ்சு நின்னுடும்."

கட்டிலில் மடங்கிக் கிடந்த சன்னாசி, ஊசிக்காகச் சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையோடு அவனையே பார்த்தான். வயிற்றுக்கடுப்புக் கிருமி ஈரலுக்கு ஏறிச் சீழ் வைத்திருந்தது. வலது விலாவில் விரல் பட்டாலே துடித்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. டாக்டர் இல்லாத நாளில் வைத்தியம் பார்க்கும் டிரசராக ஜெயபாலன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அட்டையில் பழைய டிரசர் தெளிவாகவே எழுதியிருந்தார்: சன்னாசி, எமட்டின், இடுப்பில், பத்து நாள், பத்து ஊசி. கடைசி ஊசி போட்டுப் பதினெட்டு நாள்.

எமட்டின் கிருமியைக் கொல்லும் மருந்துதான். ஆனால் இதயத்திலும் போய்த் தங்கிவிடும். அது கரைவதற்குள் மறுபடி போட்டு, ஓர் ஆள் கட்டிலிலேயே முடிந்துபோனதை ஜெயபாலன் முன்பு வேலை பார்த்த தாப்பாவில் கண்ணால் பார்த்திருக்கிறான்.

சன்னாசியின் மனைவி ராக்காயி விடவில்லை.

"போட்டுடுங்கய்யா. இவரு நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவாது."

"பத்து ஊசி வாங்குன நெஞ்சும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். சன்னாசி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். "ஐயா சொல்றபடியே இருக்கட்டும்லா" என்றான்.

வாசலில் ஒருவன் கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றான். யார் என்று ஜெயபாலன் கேட்டான். சன்னாசியின் தம்பி ராமையா என்றார்கள்.

"செக்ரோல்ல பேரு இருக்கா?"

இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கேட்க ஆரம்பித்த வருஷம் அது. பர்மிட் கிடைக்காத ராமையாவின் பெயரைத் தோட்டம் ஆள்பதிவேடான செக்ரோலிலிருந்து வெட்டிவிட, வெளியே லாரிக்கு மரக்கட்டை ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான். மறுபடி மனுப் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஈப்போவில் விசாரணை. அதற்குள் அவன்மேல் சின்னப் புகார் எழுந்தாலும் இந்தியாவுக்குக் கப்பல்தான்.

"அப்ப வெளியே நில்லுங்க. பேரு இல்லாதவங்களுக்கு இங்க தலைவலி மாத்திரைகூடக் கிடையாது. நான் சட்டம் போடல, தொரை போட்டது."

சன்னாசிக்கு, இருந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. வாரத்துக்கு ஒருமுறை வரும் பெரிய டாக்டரும் வெள்ளிக்கிழமைதான் வருவார். நாலு நாள் தாங்கினால் போதும்.

ஜெயபாலன் மணிக்கு ஒருதரம் நாடி பார்த்தான். காய்ச்சலில் வேகமாக ஓடியதே தவிர, ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. பத்து ஊசி வாங்கிய நெஞ்சா இது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்லவேளை, பதினோராவதைப் போட்டுக் கெடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மாத்திரை கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை சீழ்க்கட்டி உள்ளேயே உடைந்தது. ரப்பர் பால் ஏற்றப் போகவிருந்த லாரியை மறித்து, சன்னாசியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தார்கள். வழியில் செம்மோர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஜெயபாலன் விரலை எடுக்காமல் பிடித்திருந்த நாடி, கடைசிவரை தாளம் தப்பாமல் ஓடி, அப்படியே நின்றது.

மறுநாள் அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் பாடை தயாரானது. ஈப்போவுக்குப் போகவேண்டிய ராமையா போகவில்லை.

ஜெயபாலன் ராக்காயியிடம் போய்க் குனிந்து, தன் மனசுக்கும் சேர்த்துச் சொன்னான். "அந்த ஊசியைப் போட்டிருந்தா அன்னிக்கே போயிருப்பாரும்மா. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அவள் ராமையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்த ராமையா நாலடி வைத்தான். ஐந்தாவதில் கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாகியிருந்தது.

ஜெயபாலன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். நாடி இரண்டு துடித்தது, நின்றது. மூன்று துடித்தது, மறுபடி நின்றது. சட்டையை விலக்கி நெஞ்சில் காதை வைத்தான். தாப்பாவில் அன்று கேட்ட அதே தடுமாற்றம்.

அவன் மெல்ல நிமிர்ந்தான். "இவருக்கு எமட்டின் போட்டது யாரு?"

ராமையா கண்ணை மூடிக்கொண்டான். ராக்காயி பாடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பத்தும் அண்ணன் பேருல இவருக்குப் போட்டதுங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுகூடப் போடல."