மாடியில் யாருமில்லை

மாடிப்படிக்கு அடியில் இருந்த தகரக் கதவை முதுகால் மறைத்தபடி அவள் நின்றாள்.

கணவன் நல்லசிவம் நிற்கச் சொன்ன இடம் அது. சொன்ன இடத்தில் நின்றுதான் அவளுக்குப் பழக்கம்.

தீயணைப்பு அதிகாரி கடையைச் சுற்றி வந்தார். அவர் சரி என்றால்தான் தீபாவளிக்குப் பட்டாசு விற்க உரிமம். மணல் வாளிகளைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து இரவல் வாங்கி வந்த வாளிகள்.

"மேல யார் இருக்காங்க?"

"யாருமில்லீங்க சார். காலியாத்தான் கெடக்குதுங்க" என்றான் நல்லசிவம்.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

மேலே பனியன் கம்பெனிப் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து, விடிந்தபின் வந்து படுத்தவர்கள். மின்விசிறி கடகடக்கும் சத்தம்கூடக் கேட்காத தூக்கம். இறங்குவதற்கு இந்த ஒரு படிதான்.

அதிகாரி வருமுன்பே, படியோரம் கிடந்த அவர்களுடைய செருப்புகளை நல்லசிவம்தான் அள்ளிச் சாக்கில் போட்டிருந்தான். "இந்தப் புள்ளைகளுக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்று அவள் கேட்டதற்கு, "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"கட்டடம் யார் பேர்ல இருக்கு?"

"நம்ம ஊட்டுக்காரி பேர்லதானுங்க. கோகிலவாணி. இவதான்." சிரித்தான். வரிக்காக அப்படி எழுதி வைத்தது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"இங்க பட்டாசுக் கடை வைக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"அவளுக்கென்னங்க சார், சம்மதந்தான்."

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய பதிலெல்லாம் அவன் வாயிலிருந்துதான் வந்தது.

அவள் தகரக் கதவை விட்டு நகர்ந்தாள்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

உள்ளே பட்டாசுப் பெட்டிகள். தரையிலிருந்து படியின் அடிவயிறு வரைக்கும். அவற்றின்மேல் அந்தச் சாக்கு.

சாக்கின் வாய் அவிழ்ந்து, ஒற்றைச் செருப்பு ஒன்று அதிகாரியின் காலடியில் வந்து விழுந்தது.

"சம்மதமில்லீங்க" என்றாள். நிறுத்தவில்லை. "மேல பொண்ணுங்க தூங்கறாங்க. கட்டடம் என்னோடது. எனக்குச் சம்மதமில்லீங்க."

அதிகாரி பேனாவை மூடினார். இங்கே உரிமம் கிடையாது என்றார். பெட்டிகளை எடுத்துப் போகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

வண்டி வந்தது. பெட்டிகள் ஏறின. தெருவே நின்று பார்த்தது.

எல்லோரும் கலைந்தபின் நல்லசிவம் அவளருகில் வந்தான். கத்தவில்லை.

"ஊட்டுக்கு வா. பேசிக்கலாம்."

வெளியே போய் பைக்கைக் கிளப்பி, அவள் ஏறுவதற்காக உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். படியேறினாள்.

கதவைத் தட்டியதும் ஒரு பெண் எழுந்து வந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"என்னக்கா?"

கீழே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"பாய் ஏதாச்சும் மிச்சமிருக்குதா, கண்ணு?"