மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயர்

துப்பறியும் நாவல்களின் மூன்றாம் பக்கத்தில் கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்து, அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது அவன் மனைவியின் பழக்கம். போன வருடம் அவளை ஒரு கார் அடித்துப்போட்டுவிட்டுப் போனது. ஓட்டியவன் அகப்படவில்லை. கதையிலாவது ஒவ்வொரு சாவுக்கும் ஒருவன் மாட்டுகிறானே என்று அவன் வாடகை நூலகத்தை விடவில்லை.

“அவ போயும் அந்தப் புத்தி போகல. இப்ப நீ எழுதுறியா?” என்று, மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதியிருந்த ஒரு புத்தகத்தை நீட்டிச் சீறினார் நூலகக் கடைக்காரர். “இனிமே இந்தப் படி ஏறாதே.”

“நான் எழுதலண்ணே. இன்னிக்கு வந்த புத்தகக் கட்டை நீங்களே பிரிச்சுப் பாருங்க.”

கடைக்காரர் கயிற்றை அறுத்து, மேலிருந்த புதுப் புத்தகத்தைத் திறந்தார். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய சாய்ந்த கையெழுத்து. எழுதியிருந்தது கடைக்காரரின் பெயர்.

“இந்தப் பேரு ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கும்” என்றார் அவர், மேஜைமேல் கிடந்த கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.