துடைக்காத மெஷின்

“இந்த ரோபோ பெருக்கும், துடைக்காது. அதான் பாதி விலை,” என்றார் கடைக்காரர்.

“துடைக்காட்டி போகட்டும். ரிமோட்ல சொன்ன பக்கம் போகுமா? மேல ஒரு கிலோ தாங்குமா?” என்று கேட்டாள் சந்திரகலா.

கணவன் முருகவேலுக்கு எரிச்சல். “நாளைக்குத் தேரை வெச்சிக்கிட்டு, உருப்படாத மெஷினை எதுக்கு வாங்குற?”

அவள் சிரித்தபடி வாங்கிவிட்டாள்.

மறுநாள் கோயிலில் வடம் பிடித்துவிட்டு முருகவேல் வீடு திரும்பினான். காலில் மாவுக்கட்டோடு மகள் அபிநயா கட்டிலில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். ரோபோவின் முதுகில் அட்டைத் தேர், சாமந்திப்பூ குலுங்க, கட்டிலைச் சுற்றி வந்தது. முன்னால் கட்டிய ஒரு சணல் கயிறு பக்கவாட்டில் தரையில் இழுபட்டது.

“அப்பா, எங்க தேருக்கு வடம் பிடிக்க ஆளில்லப்பா!”

முருகவேல் குனிந்து கயிற்றைப் பிடித்தான். “அரோகரா!”