லாரி போன பிறகு வந்த குரல்

மயிலாப்பூரில், லஸ் அருகே சாலையோரத்தில் ஸ்தனிஸ்லாஸ் நிற்கிறார். பார்வை போய் ஒரு வருடமாகிறது. பத்து மணி வெயில் அவருக்கு இப்போது முகத்தில் படும் சூடு மட்டும்தான். கழுத்தில் தொங்கும் போன் எதிரே வரும் வண்டிகளைக் கேமராவால் பார்த்து, காதிலிருக்கும் வயர்லெஸ் இயர்போன் வழியாகச் சொல்கிறது. இன்று முதல்முறையாகத் தானே சாலையைக் கடக்கப்போகிறார். மனைவி ஆலிஸ் அவரைத் தொடாமல் பின்னால் நிற்கிறாள். எல்லாப் பக்கமும் ஹாரன் சத்தம். அவர் காலை எடுத்து வைக்கிறார். ஆலிஸ் அலறியபடி சட்டையைப் பிடித்து இழுக்க, தண்ணீர் லாரி ஒன்று முகத்தில் காற்றடித்துப் போகிறது. அதன் பிறகுதான் காதில் குரல் கேட்கிறது: "லாரி வருகிறது, நில்லுங்கள்."

"போதுங்க, வீட்டுக்குப் போயிடலாம்." ஆலிஸ் இன்னும் சட்டையை விடவில்லை.

"போன்லேர்ந்து கொஞ்ச நேரம் சத்தம் வரலன்னா இந்த வயர்லெஸ் இயர்போன் தூங்கிடுது ஆலிஸ். முழிச்சுப் பேசறதுக்குள்ள லேட்டாயிடுது. பையில பழைய ஒயர் இயர்போன் இருக்கும், எடு."

ஆலிஸ் எடுத்துத் தர, அவர் அதைக் காதில் மாட்டிக்கொள்கிறார்; ஒயரின் முனை இரண்டு முறை வழுக்கி, பிறகு போனில் ஏறுகிறது. அவர் மறுபடி காலைத் தூக்குகிறார். ஆலிஸ் கண்ணை மூடிக்கொள்கிறாள். "ஆட்டோ, நில்லுங்கள்." தூக்கிய கால் அப்படியே பின்வாங்குகிறது, ஆட்டோ அதற்குப் பிறகுதான் உரசினாற்போல் கடக்கிறது. சாலை சற்று ஓய்கிறது. "வழி இருக்கிறது, நடக்கலாம்" என்கிறது குரல். ஆனாலும் அவர் நடக்கவில்லை. அவர் கை பின்னால் நீண்டு ஆலிஸின் கையைத் தேடுகிறது.